என் கால் உதைத்த தாம்பாளம்

வாருங்கள், உள்ளே வாருங்கள். அந்தச் சரிவில் பார்த்துக் கால் வையுங்கள், கொஞ்சம் செங்குத்து. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் யாரோ போட்டுவைத்தது. யார் என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் சிமெண்டில் கைவைத்திருக்கிறான், இன்னும் இரண்டு முழம் நீட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்ற வேண்டாம். இந்த வீட்டில் சக்கரமே தெருவிலிருந்து நேராகக் கூடத்துக்கு வருகிறது, உங்கள் செருப்பு என்ன செய்துவிடப் போகிறது. அந்த நாற்காலியில் உட்காருங்கள். எனக்கு வேண்டாம், நான் எங்கே போனாலும் என் நாற்காலியோடுதான் போவேன்.

நீங்கள் பக்கத்து வீட்டை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம், தெரிகிறது. எதிர்க் கடையில் ஒரு சோடாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலையே பார்த்தீர்கள். அவ்வளவு நேரம் சோடா குடிக்கிற ஆள் ஒன்று பெண் வீட்டை விசாரிக்க வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜப்தி பண்ண வந்திருக்க வேண்டும். ஜப்திக்காரன் வேட்டியை இப்படித் தேய்த்துக் கட்ட மாட்டான். பையனுக்கு என்ன வேண்டும் நீங்கள்? தாய்மாமனா. நல்லது. அப்பன்காரன் வந்திருந்தால் வீடு எத்தனை சதுரம் என்று கேட்டுவிட்டுப் போயிருப்பான்.

சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அந்த வீட்டைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்தத் தெருவில் கிடையாது. அந்த வீட்டுக்காரன் நல்லுசாமி என் கூடப் பிறந்த தம்பி. நான் பெரியண்ணன். எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். சொந்த அண்ணன் என்றால் நல்லதாகத்தானே சொல்வான் என்று நினைக்கிறீர்கள். அந்தக் கவலையே வேண்டாம். அவனோடு நான் பேசுவதில்லை. அவன் பெண்ணுக்குக் காது குத்திய நாளோடு பேச்சு நின்றது. இப்போது அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எவ்வளவு காலம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆகையால் நான் சொல்வதில் ஒரு சொட்டுப் பாசம் கலந்திருக்காது. சுத்தமான தகவல்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். இந்தச் சுவர் நாலரை அங்குலச் சுவர். இங்கே தும்மினால் அங்கே விளக்கு ஆடும். முன்பு இரண்டும் ஒரே வீடுதான். அவன் முகத்தில் நான் விழிக்கக் கூடாது, நடுவில் சுவர் வை என்று ஆள்விட்டுச் சொன்னேன். அவன் கொத்தனார், அவனே கட்டினான். ஊருக்கெல்லாம் ஒன்பது அங்குலத்தில் கட்டுகிறவன், அண்ணனுக்கு நாலரையில் கட்டியிருக்கிறான். இதையும் ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காபி கொடுக்க ஆள் இல்லை. என் மனைவி ருக்குமணி ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். அவன் மனைவியும் கூடத்தான் போயிருக்கிறாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் பேச்சு வார்த்தைதான், சண்டை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். அந்தப் பானையில் தண்ணீர் இருக்கிறது, மொண்டு குடியுங்கள். எனக்கும் ஒரு தம்ளர் எடுத்து இங்கே வையுங்கள், மதிய மாத்திரைக்கு ஆகும்.

கையில் என்ன, கண்ணாடிக் கூடா? பஸ் ஸ்டாண்டு கண்ணாடிக் கடையில் வாங்கியதா? அப்படியானால் பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அவள் அங்கேதானே வேலை பார்க்கிறாள். கண் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு உள்ளே போயிருப்பீர்கள். அவள் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லியிருப்பாள். கடைசி வரி தெரியவில்லையா? நிஜமாகவே தெரியவில்லையா? பாருங்கள். வேவு பார்க்கப் போன ஆளுக்குக் கண்ணாடியை மாட்டி அனுப்பியிருக்கிறாள். அதுதான் பூங்கோதை. பெயரில் மட்டும்தான் பூ.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவள் குணம் உங்களுக்குப் புரியும். பெரியண்ணன் சவுண்ட் சர்வீஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? பரவாயில்லை, நீங்கள் நாமக்கல் பக்கம். துறையூர் வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும் மரத்தில் என் குழாய்தான் பாடும். இந்தப் பெண்ணுக்குக் காது குத்து. தம்பி மகள் என்று நானே வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டினேன். கீழே நின்றுகொண்டு நல்லுசாமி சொல்கிறான், "இன்னும் ஒரு கெள மேல கட்டுண்ணே, மாமனார் ஊர்க்காரங்க பஸ்ஸ விட்டு எறங்கும்போதே கேக்கணும்." அந்த இன்னும் ஒரு கிளைதான் முறிந்தது. முதுகுத்தண்டில் விழுந்தேன். குழாய்க்கு ஒரு கீறல் கூட இல்லை, நான் கீழே கிடக்கிறேன், அது என் மேலே கிடந்து பாடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தம் இல்லை. வாடகைக்கு இருக்கிறது.

இப்படி உட்கார்ந்திருப்பவனுக்கு வேலையே இல்லை என்று ஊர் நினைக்கிறது. உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேலை தெரியுமா? சிறுநீர் கசியாமல் அடக்க ஒரு மாத்திரை. வயிறு இளக ஒரு மாத்திரை. ஒன்று பிடி என்கிறது, ஒன்று விடு என்கிறது, இரண்டும் ஒரே உடம்புக்குள் போய்ச் சண்டையில்லாமல் அதது வேலையைப் பார்க்கிறது. கூடப் பிறந்தவர்களால் அது முடிவதில்லை. அப்புறம் கால் எரிச்சலுக்கு ஒன்று. கிள்ளினால் தெரியாத கால், எரிந்தால் மட்டும் தெரிகிறது, அது என்ன நியாயமோ. அடக்குகிற மாத்திரை வாயை உலர்த்திவிடும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு பேச்சே வராது. இல்லாவிட்டால் உங்களிடம் இன்னும் கொஞ்சம் விவரமாகப் பேசுவேன்.

இதெல்லாம் போக, தசை இறுக்கத்துக்கு ஒரு வெள்ளை மாத்திரை. வேளைக்கு ஒன்று. வில்லங்கமே அதில்தான். வருகிறேன்.

எனக்கும் படிப்பு கிடையாது, ருக்குமணிக்கும் கிடையாது. நிறத்தை வைத்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு மாதம் மஞ்சளாகக் கொடுப்பதை அடுத்த மாதம் வெள்ளையாகக் கொடுப்பார்கள். அப்படி ஒரு தடவை, அடக்குகிற மாத்திரை என்று நினைத்து இளக்குகிற மாத்திரையை வேளை தவறாமல் போட்டுவிட்டேன். அந்த வாரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் இந்த வீட்டுக்குள் நுழைந்தாள். அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். வந்ததும் வராததுமாக, "பெரியம்மா, அந்த அஞ்சறப் பெட்டியக் குடுங்க" என்றாள். ருக்குமணி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பெட்டி. கடுகையும் சீரகத்தையும் கொட்டிவிட்டு, கழுவி வெயிலில் காயவைத்து, ஒரு கிண்ணத்தில் காலைக்கு, ஒரு கிண்ணத்தில் மதியத்துக்கு, ஒரு கிண்ணத்தில் ராத்திரிக்கு என்று என் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுவிட்டாள். கிண்ணம் காலியாக இருந்தால் விழுங்கியாயிற்று. காலியாகாவிட்டால் விசாரணை. எவ்வளவு கழுவினாலும் பித்தளையில் வாசனை போகுமா? இன்றுவரை என் காலை மாத்திரை சீரகம் மணக்கிறது, ராத்திரி மாத்திரை பெருங்காயம் மணக்கிறது. ருக்குமணி கடுகைப் பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டு, தாளிக்கும்போதெல்லாம் எண்ணெயைக் காயவிட்டுத் தேடுகிறாள். இதுதான் முதல் குறை. எழுதிக்கொள்ளாவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் அதிகாரக்காரி. அடுத்த வீட்டுச் சமையல்கட்டில் கையை வைப்பாள்.

என்ன கேட்டீர்கள்? ஓ, அந்தத் தாம்பாள விஷயமா? அது நாமக்கல் வரைக்கும் வந்துவிட்டதா? யார் சொன்னார்கள்? நன்றாகத்தான் பரவியிருக்கிறது. ஆமாம். உதைத்தது நான்தான். இந்த வலது காலால்தான். எப்படி என்று பார்க்கிறீர்களா? தெருவே சாட்சி, எதிர்ச் சோடாக்கடைக்காரனைக் கேளுங்கள், தேங்காயை எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். கிட்டே வந்து உட்காருங்கள், இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு விடியற்காலை என் வலது கால் துள்ளியது. தானாக. நான் ஒன்றும் செய்யவில்லை, கால் போர்வைக்குள் மீன் மாதிரி ஒரு துள்ளுத் துள்ளியது. இத்தனை காலம் கட்டை மாதிரிக் கிடந்த கால். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். ருக்குமணியிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த வெள்ளை மாத்திரையைத் தவறவிட்டேன். அன்றைக்குக் கால் இன்னும் நன்றாகத் துள்ளியது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உயிர் வருகிறது, இந்த மாத்திரைதான் அதை அமுக்கி வைக்கிறது. நான் எழுந்து நடந்தால் யாருக்குச் சங்கடம்? நல்லுசாமிக்கு. மாத்திரையைப் பிரித்துப் போடுகிறது யார்? நல்லுசாமி மகள். கோர்த்துப் பாருங்கள். நான் கோர்த்துப் பார்த்தேன்.

மற்ற மாத்திரையை எல்லாம் விழுங்கினேன். வெள்ளையை மட்டும் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன். ருக்குமணி அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து இங்கே போடுவேன், இந்த நாற்காலிக் கைப்பிடியில். இந்த ரப்பர் மூடியைப் பிடுங்குங்கள், உள்ளே பாருங்கள், வெறும் குழாய். ஆயுள் பூராவும் குழாயோடு புழங்கினவன் எனக்கா தெரியாது. கிண்ணம் காலி, விசாரணை இல்லை. கால் நாளுக்கு நாள் முன்னேறியது. போர்வையை உதறியது. ருக்குமணி கையிலிருந்த காபியைத் தட்டிவிட்டது. அவள் திட்டினாள், நான் பூரித்துப்போனேன். இன்னும் கொஞ்ச நாளில் எழுந்துவிடுவேன், எழுந்து நடந்துபோய் நல்லுசாமி வாசலில் நிற்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன், சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். வேட்டிகூட எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன்.

நான் போவதற்குள் அவன் வந்துவிட்டான். சுவர் வைத்தபிறகு முதல் தடவையாக வருகிறான். தோளில் புதுத் துண்டு, கையில் தாம்பாளம். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். உங்கள் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்ததே, அதற்கு அழைப்பு. பெரியப்பன் சபையில் இல்லாமல் பெண்ணைக் காட்ட மாட்டார்கள் எங்கள் பக்கம். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும் அன்றைக்கு வந்து உட்கார்ந்தாக வேண்டும். வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேங்காயைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான், "ஞாயித்துக்கெழம பாப்பாவப் பாக்க வர்றாங்க. பெரியப்பா வந்து ஒக்காரணும்." பெரியப்பாவாம். அவனுக்கு நான் பெரியப்பாவா? அண்ணே என்று ஒரு வார்த்தை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. குனிந்து தாம்பாளத்தை என் மடியில் வைக்க வந்தான்.

கால் எழுந்தது. தாம்பாளம் அவன் தாடையில் பட்டுத் திரும்பியது. வெற்றிலை ஒன்று அவன் தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. தேங்காய் அந்தச் சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, சோடாக்கடைப் பெட்டியில் மோதித்தான் நின்றது. இரண்டு முழம் நீட்டிப் போட்டிருந்தால் அவ்வளவு வேகம் வந்திருக்காது. அவன் என் காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஒதைக்கிறியா?" என்றான்.

நான், "ஆமா. ஒதைச்சேன்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் குனிந்து ஒவ்வொரு பாக்காகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் இந்தத் தெருவில் எனக்கு வந்த மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதுவரைக்கும் என் தலைக்கு மேலே ஆளோடு ஆள் பேசிக்கொண்டு போனவர்கள், நின்று என் காலைப் பார்த்து, "என்ன பெரியண்ணே, சௌக்கியமா" என்று கேட்டார்கள். பால்காரன் சைக்கிளைத் தள்ளி நிறுத்தினான். சக்கரத்துப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்த நாய் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்தது. நாயைக்கூட மதிக்க வைத்துவிட்டது இந்தக் கால்.

அன்றைக்கே காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை, உடம்பு பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. இரண்டு காலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. மேலே பார்த்தால் விட்டத்தில் வரிசையாக என் குழாய்கள் தொங்குகின்றன, எல்லாம் ஒரே நேரத்தில் காது குத்துப் பாட்டுப் பாடுகின்றன. ருக்குமணி சுவரில் தட்டியிருக்கிறாள், பூங்கோதை ஓடிவந்து ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே என்னை இதே நாற்காலியில் வைத்துத் தள்ளுகிறாள். நாற்காலி கலகலவென்று கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடுகிறது. ஏதோ ஆணி கழன்றுவிட்டது என்று வார்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். என்னைக் கட்டிலில் போட்டுவிட்டு அவன் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். குழாயிலிருந்து அத்தனை மாத்திரையும் கொட்டியது. வார்டே பார்க்கிறது. அவன் கேட்கிறான், "ஏன் பெருசு, காய்ச்சல் ஒனக்கா, வண்டிக்கா?"

டாக்டரம்மா வந்தார்கள். சின்ன வயசுதான், வாய் பெரிசு. இந்த மாத்திரையை இப்படித் திடீரென்று நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று ஒரு பிடி பிடித்தார்கள். நான், "கால் துள்ளுதும்மா, உசுர் வருது" என்றேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அது உயிர் இல்லை, மூளைக்கும் காலுக்கும் நடுவில் தொடர்பு அறுந்துவிட்டதால் கால் தன் போக்கில் இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நான் சவுண்ட் சர்வீஸ்காரன். மைக் ஒயர் அறுந்துபோனாலும் குழாயில் சத்தம் வரும். கொர்ரென்று வரும். தெரியாதவன் பாட்டு வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருப்பான். அது பாட்டு இல்லை, இரைச்சல். மாத்திரை அந்த இரைச்சலைக் குறைக்கிறது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அதை விடுங்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் பூங்கோதையிடம் ஒன்று கேட்டேன். கால் தானாகத்தான் எழுந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக உன் அப்பனிடம் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஊர் உதைத்தேன் என்றுதான் நினைக்கிறது, நினைத்துவிட்டுப் போகட்டுமே. வேறு என்ன இருக்கிறது என்னிடம். அவள் யோசித்தாள். "சரி, ஆனா இனிமே மாத்திரைக்கு நான் வெக்கிறதுதான் சட்டம்" என்றாள்.

பாருங்கள், எவ்வளவு சந்தர்ப்பவாதி. அன்றிலிருந்து எனக்குப் போலீஸ் காவல்தான். ஒவ்வொரு வேளையும் அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் தட்டுவார்கள். நான் விழுங்கிவிட்டு, அதோ ஆணியில் தொங்குகிறதே கரண்டி, அதை எடுத்துத் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், சுவர் உதிரும். காலையிலும் ராத்திரியும் அவளே நேரில் வேறு வந்து, "பெரியப்பா, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. எடப்பக்கம். வலப்பக்கம்." இந்த வயசில், பால்காரன் முன்னால், ஆவென்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். போன வாரம் எனக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு, மூச்சுவிட முடியவில்லை, அப்போதும் விடவில்லை. பெற்ற பிள்ளை இருந்தால்கூட இப்படி நாக்குக்கு அடியில் பார்த்திருக்காது. ருக்குமணி நல்லவள், நான் விழுங்கிவிட்டேன் என்றால் நம்பிவிடுவாள்.

ஆக குறைகளைத் தொகுத்துச் சொல்கிறேன். அதிகாரக்காரி. சந்தேகக்காரி. பிடிவாதக்காரி. அழுத்தக்காரி, ஒரு விஷயத்தை உள்ளே போட்டால் வெளியே வராது. போதுமா? இன்னொன்று, நாமக்கல் இங்கிருந்து எவ்வளவு தூரம்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சும்மாதான் கேட்டேன். கல்யாணமாகிப் போன பெண் தினம் இரண்டு வேளை வந்து நாக்கைப் பார்க்க முடியாது அல்லவா, அதற்காகக் கேட்டேன்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? என்ன? உங்கள் அக்கா என்ன சொல்கிறாள்? மங்கலப் பொருளைக் காலால் உதைக்கிற குடும்பத்தில் பெண் எடுக்க வேண்டாம் என்கிறாளா? பெரியப்பனே இப்படி என்றால் அந்த ரத்தம்தானே பெண்ணுக்கும் என்றா? அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லையா? பையனுக்குக் காய்ச்சல் என்று அல்லவா இங்கே சொல்லியிருந்தார்கள்.

உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். அந்தக் கரண்டியை எடுங்கள். என் முட்டியில் ஒரு போடு போடுங்கள். சும்மா போடுங்கள், எனக்கென்ன தெரியவா போகிறது. பார்த்தீர்களா, தானாக ஒரு துள்ளு, நான் தூங்கினாலும் விழித்தாலும் இந்தக் காலுக்கு ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு நான் ஒரு வெற்றிலையைக்கூட உதைக்க முடியாது. அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் பெண்ணாவது அதை உங்கள் வீட்டாருக்குச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான். இது தசை இழுப்பு, கோபம் இல்லை என்று ஒரு வார்த்தை. அவள் அப்பனிடம் சொல்லியிருந்தால் அவன் உங்களிடம் சொல்லியிருப்பான், நீங்களும் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஏன் சொல்லவில்லை?

நான் சத்தியம் வாங்கியிருந்தேன்.

அதற்காகத் தன் கல்யாணப் பேச்சே நிற்கும்போதுமா அதைக் காப்பாற்றுவாள் ஒருத்தி? வீட்டை மெழுகி, புடவையை மடித்துவைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாளாம், ருக்குமணி சொன்னாள். நீங்கள் வரவில்லை என்று தெரிந்ததும் அந்தப் புடவையை உள்ளே வைத்துவிட்டு, நேரே இங்கே வந்து, நாக்கைத் தூக்குங்க என்றாள். அன்றைக்கு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தக்காரி என்று சொன்னேனே.

இருங்கள். தட்டுகிறார்கள், கேட்டதா? மதிய மாத்திரை. அந்தப் பெட்டியை இப்படி நகர்த்துங்கள். நடுக் கிண்ணம். தண்ணீர். இதோ. ம். முடிந்தது. இந்தாருங்கள், நீங்கள் சாட்சி, பாருங்கள். ஆ. நாக்குக்கு அடியில். ஒன்றுமில்லை அல்லவா? இப்போது கரண்டியைக் கொடுங்கள். டொக். டொக்.

என்ன கேட்கிறீர்கள்? யார் தட்டினது என்றா? பெண் கடையில் இருக்கிறாள், நீங்களே பார்த்துவிட்டு வந்தீர்கள். அவள் அம்மா ரேஷன் கடையில் இருக்கிறாள். சரிதான். முழங்கால் வலி என்று வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கிறவன் ஒருத்தன்தான் அங்கே மிச்சம். காலையிலும் ராத்திரியும் தட்டுகிற தட்டு மெல்லிசாக இருக்கும், வளையல் சத்தம் கேட்கும். மதியத் தட்டு மட்டும் சாந்து பூசுகிற கொல்லுற்றுக் கைப்பிடியால் அடிக்கிற மாதிரி விழும். வளையல் கிடையாது. நான் யார் என்று கேட்டதில்லை. கேட்டால் அது பேச்சாகிவிடும் இல்லையா.

தாடையில் தாம்பாளம் பட்டவன். உதைத்தேன் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். ஒரு மதியம்கூடத் தவறவில்லை.

சரி. இப்போது நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நான் உங்களிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசப் போகிறேன். உங்களிடம்தான் பேசுகிறேன், வேறு யாரிடமும் இல்லை. அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள், அன்றைக்கு உதைத்தது கால். நான் இல்லை. நான் மாத்திரையை ஒளித்துவைத்தேன், கால் தானாகத் துள்ளியது, உதைத்தேன் என்று சொன்னது வாய்க்கொழுப்பு. பெண்ணுக்கு எல்லாம் தெரியும், நான் சொல்லாதே என்று சொன்னதால் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பெண் நாமக்கல்லில் கிடைத்தால் நீங்கள் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காது. நானும் இந்த ஊரில் பார்த்ததில்லை. பையனிடமும் ஒன்று சொல்லிவையுங்கள், அவள் நாக்கைத் தூக்கு என்றால் ஏன் என்று கேட்காமல் தூக்கிவிட வேண்டும், அதுதான் உடம்புக்கு நல்லது.

இன்னொன்று. முறைப்படி அழைக்க வேண்டியவர்கள் தாம்பாளத்தை மறுபடி எடுத்துக்கொண்டு வரட்டும். முட்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம், நெஞ்சுக்கு நேராக நீட்டட்டும். இந்தக் கை இரண்டும் என்னுடையதுதான், சொன்னால் கேட்கும், வாங்கிக்கொள்ளும். நான் மாத்திரை போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். வருகிறவன் பெரியப்பா, சித்தப்பா என்று உறவை மாற்றிச் சொல்லக் கூடாது. என்னை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். சபையில் வந்து உட்காருவேன். அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தக் கிளை அந்தக் கிளைதான்.

நீங்கள் புறப்படுங்கள் சம்பந்தி. இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடியுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே போங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

நில்லுங்கள். கேட்டதா? மறுபடியும். மாத்திரை வேளை இல்லையே இது. இப்போதுதானே விழுங்கினேன், திருப்பித் தட்டியும் ஆயிற்று. இதோ, இன்னொரு தடவை.

எவ்வளவு பலமாகத் தட்டுகிறான் பாருங்கள். நாலரை அங்குலச் சுவர் இதையெல்லாம் தாங்குமா?